எழுதக் காத்திருக்கும் கோப்பு

செப்டம்பர் 11, வியாழன்

இன்று மாலை ஐந்து மணிக்குச் சற்று முன்பு எங்கள் வீட்டு வாசலில் ஒரு விபத்து. ஸ்கூட்டரில் வந்த பெண் விழுந்துவிட்டாள். பின்னால் வந்த தண்ணீர் லாரியின் சக்கரம் அவள் வலது காலின் மேல் ஏறி நின்றது. நான் பள்ளியிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியிருந்தேன். அவள் பெயர் பரிமளம் என்று பிறகு சொன்னார்கள். திருப்பூரில் வேறென்ன வேலை, பனியன் கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டுகிறவளாம். முப்பத்தைந்து வயதிருக்கும்.

ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம் ஆயிற்று. நான் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுபோனேன். குடிக்கக் கொடுக்கக் கூடாது என்று யாரோ தடுத்தார்கள். லாரி டிரைவரைக் கீழே இழுத்துப் போட்டு அடித்தார்கள். "குடிச்சுப்போட்டு ஓட்டறான்" என்று ஒரு குரல் கேட்டது, பிறகு எல்லோரும் அதையே சொன்னார்கள். போலீஸ் வந்து கேட்டபோது, வேகமாகத்தான் வந்தது என்று நானும் சொன்னேன்.

ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள் கட்டு காரிலேயே கிடக்கிறது. எடுக்கப் போகவில்லை. கார்க் கதவை என் வீட்டுக்காரர்தான் கடையிலிருந்து வந்ததும் போய்ச் சாத்தினார்.

செப்டம்பர் 12, வெள்ளி

காலையில் போலீஸ் ஏட்டு வந்தார். வாசலில் நின்றபடியே மேலே பார்த்தார்.

"டீச்சர், உங்க கேமரா ரோட்டப் பாத்துத்தான இருக்குது?"

"ஆமாங்க. போன வருசம் பக்கத்து வீட்டம்மாகிட்டச் சங்கிலி அறுத்தப்ப மாட்டுனது."

"அப்பச் செரி. அந்தப் பதிவ ஒரு சிடில போட்டுக் குடுத்துருங்க."

பென்டிரைவில் தருகிறேன் என்றேன். கோர்ட்டுக்கு சிடிதான் வேண்டுமாம். கூடவே, இது எந்த மாற்றமும் செய்யாத முழுப் பதிவு என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். "அவசரமில்லீங்க. ரெண்டு மூணு நாள்ல குடுங்க போதும். டிரைவரப் புடிச்சு உள்ள வெச்சாச்சு" என்றார்.

மகள் ஆர்த்தி கல்லூரியில் படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டர்தான் வீட்டில் இருக்கிறது. அதிலிருந்த சிடி தட்டு எப்போதோ சிக்கிக்கொண்டு திறப்பதே இல்லை. கேமராவின் பதிவுப் பெட்டி பதினைந்து நாள்தான் எதையும் வைத்திருக்கும், பிறகு பழையதின் மேலேயே புதியதை எழுதிக்கொள்ளும். அதனால் முதலில் அதிலிருந்து பென்டிரைவுக்கு எடுத்து, கம்ப்யூட்டரில் போட்டு வைத்தேன். நாலே முக்காலிலிருந்து ஐந்தே கால் வரை, அரை மணி நேரப் பதிவு.

ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். மறுபடி பார்க்கவில்லை.

கேஸ் சிலிண்டர் பதிவு செய்தேன். இட்லிக்கு ஊறப்போட மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 13, சனி

அவர் பெயின்ட் கடையை மதியம் பையன்களிடம் விட்டுவிட்டுப் போய், வெளியே வைத்து மாட்டுகிற சிடி பர்னர் ஒன்று வாங்கி வந்தார். கறுப்பாக, டிபன் பாக்ஸ் மூடி போல மெலிதாக இருக்கிறது. வெற்று டிவிடி ஐந்தும் சிடி ஐந்தும் வாங்கியிருந்தார். பர்னரோடு வந்த ஒயர் பாதி வழியில் இரண்டாகப் பிரிந்து இரண்டு முனைகளாக முடிகிறது. இரண்டாவது எதற்கென்று தெரியவில்லை. ஒன்று போனால் ஒன்று இருக்கட்டும் என்று வைத்திருப்பார்கள் போல.

ஒன்றைக் கம்ப்யூட்டரின் முன்பக்கம் சொருகினேன். பச்சை விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. உள்ளே டிக் டிக் என்று ஒரு சத்தம். திரையில் எதுவும் வரவில்லை. அணைத்துப் போட்டேன். கழற்றிச் சொருகினேன். நான்கு முறை. துணி காயப்போட்டுவிட்டு வந்து ஐந்தாவது முறை.

"பொட்டி பழசு. விடு, திங்கக்கெழம பாத்துக்கலாம்" என்றார் அவர்.

எனக்கு விட முடியவில்லை. வகுப்பில் நாற்பத்தெட்டுப் பிள்ளைகளை அடக்குகிறவள், ஒரு டப்பா முன்னால் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஹைதராபாத்திலிருந்து ஆர்த்தி பேசினாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அம்மா, முன்னாடி சொருகாத. சிபியுவுக்குப் பின்னாடி இருக்கற ஓட்டைல சொருகு."

மேஜைக்கு அடியில் தவழ்ந்து போனேன். ஒட்டடை, ஒரு பழைய ரப்பர் பேண்டு, பல்லி முட்டை. சொருகிவிட்டு எழுந்தபோது தலையை இடித்துக்கொண்டேன். ஆனால் திரையில் புதிதாக ஒரு டிரைவ் வந்திருந்தது! சிறுபிள்ளை போலக் கத்திவிட்டேன். அவர் அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

டிவிடியைப் போட்டு, முழுக் கோப்பையும் இழுத்து அதில் விட்டு, எழுதச் சொன்னேன். பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. ஐம்பத்தெட்டு சதவீதத்தில் நின்றது. எழுத முடியவில்லை என்று ஒரு செய்தி. அந்த டிவிடி வீண். அடுத்ததைப் போட்டேன். அறுபத்தொன்றில் நின்றது. அதுவும் வீண்.

மறுபடி ஆர்த்தியைக் கூப்பிட்டேன். டிஸ்க் மட்டமாக இருக்கும் என்றாள். பிறகு, "அம்மா, அன்னிக்கு நீ எங்கிட்டப் போன் பேசிட்டிருந்தப்பத்தான அந்தச் சத்தம் கேட்டுது? அப்ப நீ கார்லயேதான இருந்த?" என்றாள்.

குக்கர் சத்தம் கொடுக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இன்று குக்கர் வைக்கவே இல்லை. மதியத்துக்கு ரசமும் அப்பளமும்தான்.

செப்டம்பர் 15, திங்கள்

ஒரு வழி கிடைத்தது. சிறிய கோப்பாக இருந்தால் பர்னர் தடையில்லாமல் எழுதுகிறது. நேற்று ஆர்த்தியின் கல்யாணப் போட்டோ இருபதை சிடியில் போட்டுப் பார்த்தேன், நன்றாகவே எழுதியது. பெரிய கோப்பில்தான் மூச்சு முட்டுகிறது. ஆகவே பதிவை வெட்டிச் சிறிதாக்குவதுதான் ஒரே வழி. வெட்டுவதற்குக் கம்ப்யூட்டரிலேயே வசதி இருக்கிறது.

முன்பகுதியில் ஒன்றுமில்லை. வெறும் தெரு. ஒரு நாய் குறுக்கே போகிறது. ஒரு சைக்கிள். நம் கார் வந்து நிற்கிறது. இதெல்லாம் போலீசுக்கு எதற்கு? லாரி திரைக்குள் வருகிற இடத்திலிருந்து வைத்தால் போதும். திரையின் மூலையில் நேரம் ஓடுகிறது: 4:52:10. அங்கிருந்து ஆறு நிமிடம் எடுத்தேன்.

ஒரே முயற்சியில் சிடி தயார். கடிதமும் எழுதிவிட்டேன். ஏட்டு சொன்ன வாசகத்தையே போட்டேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

சிடியைக் கொடுத்தாயிற்று. ஏட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

செப்டம்பர் 19, வெள்ளி

பரிமளத்தின் காலை எடுத்துவிட்டார்களாம், முழங்காலுக்குக் கீழே. பெயின்ட் கடைக்கு வந்த ஒருவர் அவரிடம் சொன்னாராம். அவர் சாப்பிட்டுக் கை கழுவும்போது முதுகைக் காட்டியபடி சொன்னார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

தையல் மெஷினில் வலது காலால்தான் மிதிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தெரியவில்லை. யாரையும் கேட்கவில்லை.

செப்டம்பர் 20, சனி

முழுப் பதிவையும் டிவிடியில் எழுத இன்னொரு தடவை முயன்றேன். எதற்கென்று அவர் கேட்டார். சும்மா, மெஷின் வேலை செய்கிறதா என்று பார்க்க என்றேன். அறுபதில் நின்றது.

என்ன செய்யட்டும் என்று கம்ப்யூட்டர் மூன்று வழிகளைக் காட்டியது. மறுபடி முயலலாம், எழுதாததை அழித்துவிடலாம், வைத்திருந்து பிறகு எழுதலாம். மூன்றாவதை அழுத்திவிட்டு எழுந்தேன்.

முயற்சி செய்தேன் என்பதை இங்கே குறித்துவைக்கிறேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

தேர்வு மேற்பார்வை முடிந்து நாலு மணிக்கே வந்துவிட்டேன். மணியடித்தது. திறந்தால், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கையில் துணிப்பை. முகத்தில் களைப்பு, ஆனால் தலையைப் படிய வாரியிருந்தாள்.

"டீச்சருங்களா? எம்பேரு கலாமணிங்க. தண்ணி லாரி ஓட்டுனாரே, சென்னியப்பன், அவரு வீட்டுக்காரிங்க."

உள்ளே வரச் சொன்னேன். வேறென்ன சொல்ல? நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன், வாங்கி வைத்துக்கொண்டாள், குடிக்கவில்லை.

"குடிச்சிருந்தாருன்னு சொல்லிப் பெரிய செக்சனாப் போட்டுட்டாங்க டீச்சர். பன்னண்டு நாளா ஜெயில்ல இருக்கறாரு. என்ற வீட்டுக்காரரு சொட்டுத் தொட மாட்டாருங்க. அடிச்சதுல ஒரு காது கேக்கல."

"அடடா" என்றேன். அது என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே அருவருப்பாக இருந்தது.

"நீங்க ஸ்டேசன்ல குடுத்த சிடிய வக்கீலு வாங்கிப் பாத்தாருங்க. நானும் கூட இருந்தேன். அதுல லாரி வர்றதுல இருந்துதான் இருக்குது. அந்தப் பொண்ணு ஸ்கூட்டர ஏன் நடுரோட்டுக்கு ஒடிச்சான்னு அதுல இல்ல. அதுக்கு முன்னாடி ஒரு நிமிசம் இருந்தாப் போதுமுங்க."

"கேமராவுல அவ்வளவுதான் இருந்துது."

"இல்லீங்க டீச்சர்." குரல் உயரவே இல்லை. "நான் பதினோரு வருசம் கல்யாண வீடியோ ஸ்டூடியோவுல இருந்தனுங்க. வெட்டி ஒட்டறதுதான் வேல. கேமரா தானாப் பதிஞ்சா இப்படி நட்டநடு நிமிசத்துல, 4:52:10ல ஆரம்பிக்காதுங்க."

பதிவு பெரியது, பர்னர் பெரிய கோப்பை எழுத மாட்டேனென்கிறது, மூன்று டிவிடி வீணாகிவிட்டது, அதனால்தான் சுருக்கினேன் என்றேன். ஒவ்வொன்றும் உண்மை. ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்ல நான் பொய் சொல்வதுபோலவே இருந்தது.

"பர்னர நான் பாக்கலாங்களா?"

மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அறைக்குக் கூட்டிப்போனேன். ஒயரைத் தடவிக்கொண்டே போய், தொங்கிக்கொண்டிருந்த இரண்டாவது முனையைக் கையில் எடுத்தாள்.

"ரெண்டு வாலு இருக்குதுங்களே. ஒண்ணத்தான் சொருகியிருக்கீங்க. ஒண்ணுல வர்ற கரண்டு இதுக்குப் பத்தாதுங்க. சின்னதா எழுதறப்பத் தெரியாது. பெருசாப் போட்டாப் பாதில மயங்கி நின்னுக்கும்."

சேலையைச் சொருகிக்கொண்டு மேஜைக்கு அடியில் போனாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை. பச்சை விளக்கு எரிந்து நின்றது, அணையவில்லை. தட்டைத் திறந்து மூடிக் காதை வைத்துக் கேட்டாள்.

"இப்பச் சத்தம் நல்லாருக்குதுங்க. போடுங்க டீச்சர், நானிருந்து வாங்கிட்டுப் போறேன்." பையிலிருந்து காகித உறையில் இரண்டு புது டிவிடி எடுத்து வைத்தாள்.

பதிவு என்னிடம் இல்லை, என் வீட்டுக்காரர் கடைக்குக் கொண்டுபோய்விட்டார் என்றேன்.

திரையின் நடுவில் 'விபத்து' என்ற பெயரில் நான் வைத்த கோப்பு எங்கள் இருவர் முன்னாலும் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், "அப்பச் சனிக்கெழம வர்றனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். டிவிடிகளை எடுத்துக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 24, புதன்

அவரிடம் சொன்னேன், ஒரு பெண் வந்து போனாள் என்று. நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். இத்தனை நாளில் அவர் பதிவைப் பார்ப்பது இதுதான் முதல்முறை. நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவர் ஓட்டினார், நிறுத்தினார், மறுபடி ஓட்டினார். மவுஸைச் சொடுக்குகிற சத்தத்தை எண்ணினேன். ஏழு தடவை.

அடுப்படி நிலையில் வந்து நின்றார்.

"யசோதா, இத வேற யாராச்சும் பாத்தாங்களா?"

"இல்லீங்க."

சாப்பிடாமல் கடைக்குப் போய்விட்டார்.

செப்டம்பர் 26, வெள்ளி

இன்றோடு பதினைந்து நாள். பதிவுப் பெட்டியில் அந்த வியாழக்கிழமை இல்லை. போய்ப் பார்த்தேன், வெள்ளிக்கிழமையிலிருந்துதான் இருக்கிறது.

மாலை பள்ளியிலிருந்து வந்தபோது அவர் சீக்கிரமே வீட்டில் இருந்தார். டீ போட்டு வைத்திருந்தார். இருபத்தேழு வருடத்தில் எத்தனை முறை டீ போட்டிருக்கிறார் என்று விரல் விட்டு எண்ணலாம்.

"கம்ப்யூட்டர்ல இருந்தத அழிச்சுட்டேன். அதோட குப்பத்தொட்டியையும் காலி பண்ணிட்டேன். பென்டிரைவையும் தொடச்சுட்டேன். இனி அதப்பத்திப் பேச வேண்டாம்."

"கேட்டுட்டு அழிச்சிருக்கலாம்."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

டீயில் சர்க்கரை அதிகம். முழுவதும் குடித்தேன்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் நன்றாகத் தூங்கினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

செப்டம்பர் 27, சனி

சொன்னபடி வந்தாள்.

"அழிஞ்சு போச்சும்மா. பெட்டியிலயும் இல்ல, கம்ப்யூட்டர்லயும் இல்ல."

இந்தத் தடவை பொய் இல்லை. அதனால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்தது. அவள் கோபப்படுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வெயில் நேராக அவள் மேல் அடித்தது. உள்ளே வா என்று நான் கூப்பிடவில்லை. ஐந்து நிமிடம் இருக்கும். பிறகு படியில் கை ஊன்றி எழுந்தாள்.

"என்ற பொண்ணு பத்தாவது படிக்கறாளுங்க. உங்க பள்ளிக்கூடம் இல்ல, வேற. குடிகாரன் புள்ளைன்னு பேசறாங்கன்னு பரிச்சைக்கே போகமாட்டீங்கறா. அவகிட்ட என்னன்னு சொல்லட்டுங்க?"

கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றாள். நிஜமாகவே ஒரு பதிலை எதிர்பார்த்துத்தான் நின்றாள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

அவர் ஒரு கல்யாணத்துக்காகக் கோபிக்குப் போயிருந்தார். எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

காலை பதினொரு மணிக்கு, கலாமணி வைத்துவிட்டுப் போன டிவிடியில் ஒன்றை எடுத்து பர்னரில் போட்டேன். எதற்குப் போட்டேன் என்று எனக்குத் தெரியாது. எழுத ஒன்றுமில்லை என்று தெரிந்துதான் போட்டேன். டிரைவைத் திறந்தேன். உள்ளே ஒரு வரி இருந்தது: டிஸ்கில் எழுதக் காத்திருக்கும் கோப்பு, ஒன்று.

அன்று சனிக்கிழமை நான் 'பிறகு எழுதலாம்' என்று அழுத்தியபோது கம்ப்யூட்டர் அதற்கு ஒரு நகல் எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டிருக்கிறது. அவர் அழித்தது வேறு, இது வேறு.

‘எழுது’ என்பதை அழுத்தினேன். ஐம்பத்தெட்டு. அறுபது. அறுபத்தொன்று. நிற்கவில்லை. நின்றுவிடாதா என்று நான் நினைக்கவில்லை என்று எழுதினால் அது பொய். இருபது நிமிடத்தில் தட்டு தானாக வெளியே வந்தது.

அதை மறுபடி உள்ளே தள்ளி ஓட்டிப் பார்த்தேன். கடைசிவரை பார்த்தேன். பார்த்ததை எழுதுகிறேன்.

4:51:20க்கு என் கார் வந்து வாசலில் நிற்கிறது. 4:52:01க்கு ரோட்டுப் பக்கத்துக் கதவு விரியத் திறக்கிறது. திறப்பது நான். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியிருக்கிறேன். கண்ணாடியைப் பார்க்கவில்லை, பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்கூட்டர் கதவில் மோதாமல் இருக்க அவள் வலப்பக்கம் ஒடிக்கிறாள், சறுக்கி விழுகிறாள். நான் இறங்க, கதவு பின்னால் மடங்கி ஒட்டிக்கொள்கிறது. 4:52:10. லாரி வேகமாக வரவில்லை. மெதுவாகத்தான் வருகிறது. டிரைவர் நிறுத்தத்தான் பார்க்கிறான், முன்பக்கம் குலுங்குவது தெரிகிறது. அதற்குள் சக்கரம் ஏறிவிட்டது.

அதற்கடுத்துத்தான் நான் இதுவரை கவனிக்காத ஒன்று. கூட்டம் ஓடிவருவதற்கு முன்னால் நான் காரை விட்டு மூன்றடி தள்ளிப்போய் நிற்கிறேன். யாரும் என்னைத் தள்ளவில்லை. நானாக நகர்கிறேன்.

மாலையில் அவர் வந்ததும் சொன்னேன். தாம்பூலப் பையைக் கீழேகூட வைக்கவில்லை.

"உனக்கென்ன பைத்தியமா? வேல போயிரும். கேஸாயிரும். ஆர்த்தி மாமியார் வீட்டுல என்ன சொல்லுவ?"

"தெரியலீங்க."

"அந்தப் பொம்பளைக்குக் கால் வந்துருமா?"

"வராதுங்க."

"அப்பறம் எதுக்கு?"

அழுதேன். அவரும் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அவர் அம்மா இறந்தபோதுதான்.

செப்டம்பர் 29, திங்கள்

அவர்தான் வண்டி ஓட்டினார். ஸ்டேஷனுக்கு வெளியே புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு உள்ளே வரவில்லை.

ஏட்டு டிவிடியைக் கையில் வாங்கவே தயங்கினார். "டீச்சர், முழுப் பதிவுன்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்க."

"அது பொய்யிங்க. கதவத் தொறந்தது நான். லாரி வேகமா வந்துதுன்னு சொன்னதும் பொய்."

"ஏனுங்க, முடிஞ்ச கதைய எதுக்கு இப்பக் கிளறறீங்க? வீட்டுக்குப் போங்க. சார்கிட்டக் கலந்து பேசிட்டு நாளைக்கு வாங்க."

போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து இன்ஸ்பெக்டர் வந்து கேட்டுக்கொண்டார். திட்டினார். நான் சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள்.

இன்னொரு டிவிடியையும் அதேபோல எழுதி வைத்திருந்தேன். அங்கிருந்து வக்கீல் ஆபீசுக்குப் போனோம். மாடியில் சிறிய அறை. கலாமணி அங்கே இருந்தாள். வக்கீல் போட்டார். திரையில் கார்க் கதவு திறந்தபோது வக்கீல் நாற்காலியில் நிமிர்ந்தார். கலாமணி நிமிரவில்லை. முழுவதும் பார்த்தாள். முடிந்ததும் நான் அவளை ஏறிட்டுப் பார்க்க முடியாமல், "நான்தாம்மா" என்றேன்.

"தெரியுமுங்க."

"என்ன?"

"ஒரு நீலக் காரு, அதுல டீச்சர் மாதிரி ஒரு அம்மா கதவத் தொறந்தாங்கன்னு மொத நாளே அவரு சொல்லிட்டாரு. ஆருமே நம்பல. உங்க வாசல்ல நிக்கற காரப் பாத்துட்டுத்தான் நான் மணியடிச்சேன்."

"அப்ப ஏன் அன்னிக்கே கேக்கல?"

"கேட்டா இல்லீன்னு சொல்லிருப்பீங்க. சொல்லிட்டா அப்பறம் நீங்க எறங்கி வர முடியாதுங்களே." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பதிவு இருந்தாத்தான் எனக்கு அவரு கெடைப்பாரு. உங்களோட சண்ட போட்டு எனக்கு என்னங்க ஆகப்போவுது?"

படியிறங்கும்போது வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அக்டோபர் 3, வெள்ளி

சென்னியப்பனுக்கு ஜாமீன் கிடைத்தது. வக்கீல் போன் செய்து சொன்னார். கலாமணி பேசவில்லை, பேச வேண்டுமென்று நான் எதிர்பார்க்கவும் கூடாது. என் மேல் வழக்கு. பள்ளி திறந்ததும் நீண்ட விடுப்பில் போகச் சொல்லித் தாளாளர் தகவல் அனுப்பியிருக்கிறார். ஆர்த்தி நாலு நாளாகப் போனை எடுக்கவில்லை. போன் பேசிக்கொண்டிருந்தது தன்னோடுதான் என்பது அவளுக்குத் தாங்கவில்லை என்று மாப்பிள்ளை சொன்னார்.

உளுந்து ஊறப்போட்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெண்கள் வார்டு, ஜன்னலோரக் கட்டில். பரிமளத்தின் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். நான் யாரென்று சொன்னதும் அக்கா எழுந்து வந்து என் முகத்துக்கு நேராகக் கையை நீட்டி, "வெளிய போ" என்றாள். வார்டே திரும்பிப் பார்த்தது.

பரிமளம்தான், "இரு அக்கா" என்றாள். நல்ல குரல். அன்றைக்கு அந்தக் குரலில் அலறல் மட்டும்தான் கேட்டேன்.

"கதவு தொறந்துதுதானுங்களா?" என்றாள்.

"தொறந்துது. நான்தான் தொறந்தேன்."

"கண்ணு முழிச்ச நாள்ல இருந்து கதவு கதவுன்னு சொல்லிட்டே இருந்தனுங்க. மயக்க மருந்துல ஒளர்றன்னாங்க. நானா தூக்கத்துல வண்டிய ஒடிச்சுட்டேன்னு என்ற வீட்டுக்காரரே சொல்லிட்டாரு. எனக்கே சந்தேகமாப் போச்சு." அக்காவைப் பார்த்தாள். "கேட்டியா? கதவு தொறந்துதாம்."

அக்கா ஆரஞ்சைக் கீழே வைத்தாள்.

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். வீட்டிலேயே என்னென்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தொறக்கறப்போ ஒரு தடவ திரும்பிப் பாத்தீங்களா?"

"இல்ல."

"ம்."

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவ்வளவுதான், போய்விடலாம் என்று திரும்பினேன். அப்போது அவள் என்னிடமா, அக்காவிடமா, யாரிடமென்று இல்லாமல் சொன்னாள்.

"அரிக்குது."

"எங்கம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"வலது பாதத்துல. உள்ளங்கால்ல."

அந்த இடத்தில் போர்வை படுக்கையோடு படுக்கையாகத் தட்டையாகக் கிடந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் என் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.